கணக்குச் சொல்லாத கமெண்ட்ரிக்காரன்

அவன் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி, என்னை வீட்டுக்குள் விட மாட்டாள். மச்சான் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

மச்சானிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது. கமெண்ட்ரி வரும். "சாப்ட்டியாடா?" என்று கேட்டால், "சட்டி அடுப்புல கீது, அக்கா கரண்டிய எடுக்குது, இவன் தட்ட நீட்டுறான், கொழம்பு வந்துடுச்சு, ஆனா மீனு எங்க, மீன காணோமே" என்று போகும். சாப்பிட்டானா இல்லையா என்பது கடைசிவரை தெரியாது. சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரியும். நான் கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று இரண்டில் ஒன்றைச் சொல்லிப் பழகியவன். அப்படிச் சொல்லாதவன் எதையோ ஒளிக்கிறான் என்பது என் எண்ணம். அவன் விஷயத்தில் அந்த எண்ணம் சரிதான். எதை ஒளிக்கிறான் என்பதில்தான் நான் ஏமாந்தேன்.

ஆள் ஒல்லி. தோளில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். வலை இழுக்கப் போனால் நாலு பேரில் அவன் அரை ஆள். ஆனால் குரல் அப்படி. பழவேற்காட்டிலிருந்து லைட்ஹவுஸ் குப்பம் போகிற பாலத்தின் மேல் நின்று கத்தினால் ஏரிக்குள் படகில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். பேசும்போது இடது காதை விரலால் அடைத்துக்கொள்வான். நம் முகத்தைப் பார்க்க மாட்டான். நமக்குப் பின்னால் ஏதோ நடப்பது மாதிரி அங்கேயே பார்த்துக்கொண்டு பேசுவான். நான் பலமுறை திரும்பிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம். காணும் பொங்கலுக்கு ஏரியில் படகுப் போட்டி வைத்தார்கள். அவனுக்குப் பதினைந்து வயது இருக்கும். மைக் செட்காரன் சாப்பிடப் போன நேரத்தில் மைக்கைப் பிடுங்கிக்கொண்டான். அவனுடைய நைனாவும், அதாவது என் மாமனாரும், நானும் இன்னும் இரண்டு பேரும் ஒரே படகில். திரும்புகிற இடத்தில் படகு கவிழ்ந்தது. எனக்குக் கால் பழைய வலையில் மாட்டிக்கொண்டது. மேலேயே நிற்க முடியவில்லை. வந்து ஒரு மூச்சு இழுப்பேன், மறுபடி உள்ளே போவேன். ஒவ்வொரு முறை தலை வெளியே வரும்போதும் ஸ்பீக்கரில் இவன் குரல். "நைனா வுழுந்துட்டாரு! நைனா எழுந்துட்டாரு! துண்டு மெதக்குது! புது மாப்ள உள்ள போறாரு! மாப்ள வெளிய வர்றாரு! மறுபடி உள்ள போறாரு! மாப்ளைக்குத் தண்ணி ரொம்பப் புட்ச்சிருக்குது!"

கரையில் ஊரே சிரித்தது. பக்கத்துப் படகுக்காரன் என் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டான்.

அன்று மாலையே கேட்டேன். "நான் சாகக் கெடந்தது உனக்குத் தெரிஞ்சுதா இல்லியா?"

"பாத்தேன் மாமா. அதத்தான சொன்னேன்" என்றான்.

அவனுடைய நைனா அவனை அடித்தார். நான் அடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் வாயைத் திறந்தாலே எனக்கு மூக்கில் தண்ணீர் ஏறுவது போல இருக்கும்.

பிறகு போன் வந்தது. போனில் ஆடுகிற சண்டை ஆட்டம் வந்தது. நூறு பேர் விமானத்திலிருந்து குதித்து ஒருத்தனை ஒருத்தன் சுட்டு, கடைசியில் மிஞ்சுகிறவன் ஜெயிக்கிற ஆட்டம். எங்கள் குப்பத்துப் பசங்கள் எல்லாரும் ஆடினார்கள். மச்சான் சுமாராகக்கூட ஆட மாட்டான். குதித்த பத்தாவது நிமிஷம் செத்துப்போவான். செத்த பிறகுதான் அவன் வேலை ஆரம்பிக்கும். மிச்சமிருக்கிறவன் ஆட்டத்தைப் பார்த்துப் பேசுவான். "சுத்தி வளைச்சுட்டான்யா, வலை சுருங்குது, ரெண்டு மீனு உள்ள கீது, ஒண்ணு எம்புது, எம்பி எங்க போவே, கரைக்கு இழுக்கிறான், இழுத்துட்டான்!" இது மாதிரி. எங்கெங்கோ இருக்கிற தமிழ்ப் பசங்கள் அதைக் கேட்பதற்கென்றே வந்தார்கள். குப்பத்துக்குள் சிக்னல் நிற்காது. ஆகையால் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து, இரண்டு போனை வைத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் கத்திக்கொண்டிருப்பான். மீன் கூடை தூக்கிப் போகிற பெண்கள், "இன்னாடா, இன்னிக்கும் செத்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

இதனால் எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். அவனுக்கு அப்போது கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை இருந்தது. கேட்க எனக்கு உரிமை உண்டு. அவன் சொன்னது: "மாமா கேள்வியோட வர்றாரு. கையில வலை இல்ல. மூஞ்சில சிரிப்பு இல்ல. மச்சான் எப்டித் தப்பிப்பான்னு தெரியலியே!" நான் செருப்பைக் கழற்றினேன். பாலத்தின் மறுபக்கம் ஓடிவிட்டான்.

அவனுடைய பெண்டாட்டியிடம் கேட்டேன். "எவ்ளோம்மா வருது?"

"எங்கிட்ட மட்டும் சொல்லிட்டாராக்கும். போண்ணே" என்றாள்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் மலேசியாவிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே ஒரு கம்பெனி இந்த ஆட்டத்துக்குப் போட்டி நடத்துகிறது. தமிழில் கமெண்ட்ரி சொல்ல ஆள் வேண்டும். இங்கிருந்து போனில் பேசினால் போதாது, அங்கேயே வந்து இருக்க வேண்டும். செய்தி ஒரே நாளில் குப்பம் முழுக்கப் பரவியது. ஒரு நாளைக்கு முந்நூறு ரிங்கிட்டாம். ஒரு ரிங்கிட் இருபது ரூபாய் என்று யாரோ சொன்னார்கள். ஆறாயிரம். முப்பது நாளுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். டீக்கடையில் அதைப் பன்னிரண்டாலும் பெருக்கிவிட்டார்கள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. எங்கள் குப்பத்தில் ஒரு நாள் இறால் கூடை கூடையாக விழுந்தால் அதை எவனும் முப்பதால் பெருக்க மாட்டான். பெருக்கினால் பைத்தியம் என்பார்கள். மறுநாள் காற்று மாறும். மழை வரும். ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம் மண் ஏறி அடைத்துக்கொள்ளும். பிடிக்கப் போகாத நாளும் வருஷத்தில் உண்டு என்று எங்கள் பிள்ளைகளுக்கே தெரியும். அப்படிப்பட்டவர்கள் ரிங்கிட் என்றதும் முப்பதால் பெருக்கினார்கள். கடலில் காசு கொட்டாது என்று தெரிந்தவனுக்கு வெளிநாட்டில் மட்டும் கொட்டும் என்று எப்படித் தோன்றுகிறது? கழிக்கிறவன் ஒருத்தன்கூட இல்லை.

மச்சான் பெருக்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை. யார் என்ன கேட்டாலும் ஸ்டூடியோவைப் பற்றிச் சொன்னான். விளக்கு எப்படி இருக்கும், நாற்காலி எப்படிச் சுழலும், காதில் மாட்டுகிற கருவி என்ன நிறம். நாள் சம்பளமா மாதச் சம்பளமா என்று நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் நாற்காலி சுழன்றது.

எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. கம்பெனிக்காரன் அனுப்பிய கடிதத்தை அவன் போட்டோ பிடித்துத் தன் அக்காவுக்கு அனுப்பியிருந்தான், பெருமைக்கு. அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனை எடுத்துக்கொண்டு பழவேற்காடு பஜாருக்குப் போனேன். ரீசார்ஜ் கடை பாய் அந்தக் காலத்தில் பல வருஷம் வெளிநாட்டில் இருந்தவர். இங்கிலீஷ் படிப்பார்.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "தம்பி, இதுல மாசம்ங்கிற வார்த்தையே இல்ல. ஆட்டம் நடக்குற நாளுக்கு முந்நூறு. வருஷத்துல ஐம்பத்தாறு நாள் தர்றோம்னு எழுதியிருக்கான். ரூம் வாடகை, சாப்பாடு, டிக்கெட், பெர்மிட்டு எல்லாம் இவரே பாத்துக்கணும்."

"அப்ப இது ஃபோர் ட்வென்டி வேலையா பாய்?"

"இல்ல. ஏமாத்துறவன்னா மாசம் ரெண்டு லட்சம்னு எழுதியிருப்பான். இவன் கம்மியா எழுதியிருக்கான். அதனால மெய்யான கம்பெனிதான்" என்றார் பாய். பிறகு, "அந்த ஊர்ல எப்படிச் சுருட்டினாலும் மாசம் ஆயிரத்து இருநூறு ரிங்கிட் இல்லாம ஓடாது. உங்க மச்சானுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். ஒன்று, அவனுக்குத் தெரியாது. அப்படியானால் முட்டாள். இல்லை, தெரியும். தெரிந்தும் போகிறான் என்றால் கடிதத்தில் எழுதாத வேறு வரும்படி ஏதோ இருக்கிறது. அந்த ஆட்டத்தின் மேல் பணம் கட்டுகிற சூதாட்டம் நடக்கிறது என்று டீக்கடையில் பேசிக் கேட்டிருக்கிறேன். அவன் முட்டாள் இல்லை. ஆகவே இரண்டாவதுதான் என்று முடிவு கட்டினேன். பெரிய லாபம் ஒன்றை எங்களிடமிருந்து மறைக்கிறான். முடிவு கட்டிய பிறகு அவன் சிரிப்பதும், பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதும், எல்லாமே எனக்குத் திருட்டுத்தனமாகவே தெரிந்தன.

அவனுடைய நைனா செத்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். இது மலேசியாவுக்கு இரண்டு வருஷம் முன்னால். அவரைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அவன் கூட இருந்தான். காலையில் அக்கா போன் போட்டாள், ஸ்பீக்கரில். "நைனா எப்டி கீறாருடா?"

"டாக்டரு வர்றாருக்கா. கையில சீட்டு வச்சிருக்காரு. நர்ஸம்மா ஜன்னலைத் தொறக்குறாங்க. பாட்டிலு தொங்குது, அதுல பாதி மருந்து கீது. ஃபேன் சுத்துது, மெதுவா சுத்துது. நைனாவோட கால்ல போர்வை வெலகுது, நான் இழுத்து வுடுறேன்."

ஐந்து நிமிஷம் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி, "டேய், உசுரு கீதா இல்லியா, அத சொல்லு" என்றேன்.

"அதான் மாமா, சொல்லிகினு வர்றேன்" என்றான். குரல் மாறவில்லை. "பக்கத்துக் கட்டில்காரு எழுந்து உக்கார்றாரு. எதிர்ல ஒரு அம்மா இட்லி பொட்டலத்தப் பிரிக்கிறாங்க."

அவர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று ஒரு நாள் மட்டும் எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்துவிட்டது.

இனி பாடு விஷயம். ஏரியில் இறால் ஓடுகிற இடம் எல்லாருக்கும் பொது இல்லை. எங்கள் குப்பத்துக்கென்று ஓர் இடம் உண்டு, அதைப் பாடு என்போம். வருஷத்துக்கு ஒரு முறை அம்மன் கோயில் முன்னால் பெயர்ச் சீட்டுகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்போம். எந்த வரிசையில் பெயர் வருகிறதோ அந்த வரிசையில் நாளைக்கு ஒருவர் வலை கட்டலாம். கல்யாணம் ஆனவனுக்கு ஒரு சீட்டு. ஊரில் குடியிருந்து வரி கட்ட வேண்டும். ஊரை விட்டுப் போகிறவன் பெயரை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் எடுத்ததுதான். மறுபடி ஏற்ற எல்லாச் சீட்டுக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். ஒருத்தன் முகம் சுளித்தாலும் நடக்காது. அப்படி மறுபடி ஏறிய பெயர் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு வழி உண்டு. சொந்தக்காரன் ஒருத்தன் கோயில் முன்னால் நின்று, 'அடுத்த குலுக்கலுக்கு வந்துவிடுவான்' என்று வாக்குக் கொடுத்தால் பெயர் நிற்கும். போனவன் வராவிட்டால் வாக்குக் கொடுத்தவன் சீட்டையும் அந்த வருஷம் எடுத்துவிடுவார்கள்.

குலுக்கலுக்கு ஒரு வாரம் முன்னால் நான் வலை பிரித்துக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து எதிரில் குந்தினான்.

"மாமா, ஊர்த் தலைவரு கேட்டா, அடுத்த குலுக்கலுக்கு வந்துடுவான்னு ஒரு வார்த்த சொல்லிடு."

"வருவியா?"

"பிளேன் எறங்குது. மச்சான் பொட்டியோட வர்றான். பஸ்சு பொன்னேரி தாண்டுது, திருப்பாலைவனம் தாண்டுது..."

"டேய். வருவியா மாட்டியா?"

"பஸ்சுல கூட்டம் ஜாஸ்தி மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குலுக்கல். முப்பத்தொரு சீட்டு. எல்லாரும் வந்திருந்தார்கள். பெண்கள் வேப்ப மரத்தடியில் நின்றார்கள், என் மனைவியும்.

தலைவர் ஆரம்பித்தார். "இன்னாடா, ஃபாரின் போறியாமே? பிளேன்ல போறியா, வாயிலயே போயிடுவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருவர் பின்னாலிருந்து கேட்டார். "மாசம் ரெண்டு லட்சம் வாங்குறவனுக்கு நம்ம பாடு எதுக்கு? ஒரு பேரு கொறஞ்சா மத்தவனுக்கு மொற சீக்கிரம் வருமில்ல?" ஆமாம் ஆமாம் என்று ஏழெட்டுக் குரல். டீக்கடைக் கணக்கு கோயிலுக்கு வந்துவிட்டது.

மச்சான் காதிலிருந்து விரலை எடுத்தான். தரையைப் பார்த்தான். பிறகு பேசினான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி.

"ரெண்டு லட்சம் இல்ல தலைவரே. நாளைக்கு ஆறாயிரம், வருசத்துக்கு ஐம்பத்தாறு நாளு. மூணு லட்சத்து முப்பத்தாறாயிரம். ரூமும் சோறும் மாசம் இருபத்துநாலாயிரம், வருசத்துக்கு ரெண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம். டிக்கெட்டு, பெர்மிட்டு நாப்பத்தஞ்சாயிரம். கையில நிக்கிறது மூணாயிரம்."

"மாசத்துக்கா?"

"வருசத்துக்கு."

அவனே தொடர்ந்தான். "இங்க இருந்தா பாடு, நண்டு வலை, படகுப் பங்கு எல்லாம் சேத்து வருசம் ரெண்டு லட்சம் வரும். அதுவும் போச்சு. பாடும் போச்சுன்னா எம் பொண்டாட்டி புள்ளைக்கு இந்த ஊர்ல ஒண்ணும் இல்ல. பேர எடுக்காதீங்க."

"பின்ன இன்னாத்துக்குடா போறே?" தலைவர் உண்மையாகவே கேட்டார்.

"பொறந்ததுலேந்து பேசிகினு கீறேன். வாய மூடுன்னுதான் எல்லாரும் சொன்னீங்க. அங்க ஒருத்தன் பேசுன்னு துட்டு குடுக்கிறான். ஒரு வருசம் பேசிப் பாக்கிறேன்."

"ஏன்டா இத முன்னயே சொல்லல?"

"லாபம்னு நெனச்சா கேலி பண்ணுவீங்க. நஷ்டம்னு தெரிஞ்சா கட்டிப் போட்டுடுவீங்க."

அவன் ஒளித்தது லாபத்தை இல்லை. எல்லாக் கணக்கும் அவனுக்குத் தெரியும். பாய் சொன்ன ஆயிரத்து இருநூறு முதற்கொண்டு தெரியும். என்னைவிட நன்றாகக் கழித்து வைத்திருந்தான்.

ஆனால் ஊர் நம்பவில்லை. வாழ்நாளில் ஒரு தரம்கூட நேராகப் பதில் சொல்லாதவன் திடீரென்று எண்ணாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? "மூணாயிரத்துக்கு எவனாவது நாடு வுட்டு நாடு போவானா?", "பாடு போயிடக்கூடாதுன்னு கதை வுடுறான்" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

தலைவர் கையை உயர்த்தினார். என் பக்கம் திரும்பினார். "நீ பேச்சு மாறாத ஆளு. இவன் சொல்றது மெய்யா?"

"மெய்தான். லெட்டரப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்."

மச்சான் என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் இல்லை, என்னை.

"சரி. அடுத்த குலுக்கலுக்கு வந்துடுவானா? வாக்குக் குடுக்கிறியா?"

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேப்ப மரத்தடியிலிருந்து என் மனைவியும் பார்த்தாள். வருவான் என்று சொன்னால் அவன் பெயர் நிற்கும். வராவிட்டால் என் சீட்டும் போகும். பஸ்சில் கூட்டம் ஜாஸ்தி என்றவனை நம்பி நான் எப்படிச் சொல்வது?

"தெரியாது" என்றேன்.

எங்கள் ஊரில் தெரியாது என்றால் இல்லை என்றுதான் பொருள். தலைவர் குடத்தைக் கவிழ்த்து அவன் சீட்டைத் தேடி எடுத்தார். கிழிக்கவில்லை. மறுபடி மடித்து அவன் கையில் கொடுத்தார். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசிச் சீட்டு எடுக்கும்வரை நின்றான். என் பெயர் நாலாவதாக வந்தது.

ஒன்பது நாள் கழித்துக் கிளம்பினான். வீட்டுக்கு வந்து அக்கா கையால் சாப்பிட்டான். "போயிட்டு வர்றேன் மாமா" என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவன் பெண்டாட்டி குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போனாள்.

அந்த வருஷம் வீடியோவில் கூப்பிடுவான். ஸ்டூடியோவைக் காட்டுவான், நாற்காலியைச் சுற்றிக் காட்டுவான். அக்கா, "நல்லாதான் கீறான்" என்பாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். ரூமிலிருந்து பேசும்போது தலைக்கு மேலே இன்னொரு கட்டிலின் அடிப்பலகை தெரியும். அதிலிருந்து யாருடைய காலோ தொங்கும். மூன்று மாதம் ஒரே சட்டை. பிறகு இரண்டு மாதம் ஸ்டூடியோவையே காட்டவில்லை. தெருவைக் காட்டினான். போட்டி இல்லாத மாதம் போலிருக்கிறது. அப்போது எதைச் சாப்பிட்டான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தட்டு, கரண்டி, குழம்பு என்று சொல்லியிருப்பான். நான் நினைத்தேன்: இவன் அங்கேயே எங்காவது ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிடுவான். வர மாட்டான். நான் சொன்னது சரியாகப் போய்விடும்.

அடுத்த குலுக்கலுக்கு மூன்று நாள் முன்னால் வந்து இறங்கினான்.

டிக்கெட்டுக்கே அந்த மூவாயிரத்தைப் போல எத்தனையோ மடங்கு ஆகியிருக்கும். கம்பெனி இன்னொரு வருஷத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது என்று அக்காவிடம் மட்டும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரோடும் கோயில் முன்னால் வந்து நின்றான். சீட்டு இல்லாதவன் அங்கே நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

தலைவர் அவனைப் பார்த்தார். "வந்துட்டியே" என்றார். "பேர ஏத்தணும்னு கேக்கிறியா? எல்லாரையும் கேட்டுப் பாக்கிறேன்."

மச்சான் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன்.

"வேணாம்" என்றான்.

அவ்வளவுதான். நேரான பதில். முப்பது சீட்டும் எடுத்து முடிந்ததும் போனான். மறுநாள் விடிந்ததும் பெண்டாட்டியையும் குழந்தையையும் பார்க்கக் கிளம்பிவிட்டான். அங்கிருந்து அப்படியே விமானத்துக்கு. இந்த முறை அவர்களையும் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறானாம். இங்கே விட்டு வைக்க ஒன்றும் இல்லையே.

பஸ் போன பிறகு என் மனைவி வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"யோவ். ஒண்ணு கேக்கிறேன். முப்பத்தொரு சீட்டு முப்பது ஆனா, நமக்கு மொற எத்தினி நாள் முன்னால வரும்?"

"ஒரு நாளு."

"அந்த ஒரு நாளுக்கா தெரியாதுன்னு சொன்னே?"

ஆமாம் அல்லது இல்லை. இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும்.

"தலைவரு குடத்தாண்ட நிக்கிறாரு" என்றேன். "இவன் தரையப் பாத்துகினு நிக்கிறான். எல்லாப் பயலும் என்னையே பாக்கிறானுங்க. வெயிலு வேற ஏறுது. வேப்ப மரத்தாண்ட நீ நிக்கிறே, உன் பக்கத்துல..."

அவள் நண்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.